கடைசி அறைக்குச் சிக்னல் வந்த விதம்

இதை எழுத நான்கு வருஷமாகத் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மனு எழுதியிருக்கிறேன், கோயில் திருவிழா நோட்டீஸ் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத்து வேலை பழக்கமில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, நடந்தது எனக்குப் பெருமை தருகிற காரியமும் இல்லை. தினம் காலையில் குளித்து விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவன் நான். அப்படிப்பட்டவனுடைய பக்தியே வீட்டில் ஒருத்திக்குக் குறுக்கே நின்றது என்று எழுதினால், படிக்கிறவர்கள் சாமியைக் குறையாக நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குப் போனேன். அங்கே நான் செய்த அதே காரியத்தைச் செய்து வைத்துவிட்டு, வீட்டுக்காரர் உப்புக்காற்றைத் திட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் சும்மா இருக்க மனசு ஒப்பவில்லை.

எங்கள் ஊர் தொண்டி ரோட்டிலிருந்து மேற்கே உள்ளே தள்ளி இருக்கிறது. மழையை நம்பி நெல், அது முடிந்தால் மிளகாய். வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். கிழக்கே வாசல், அதை ஒட்டிச் சாமி அறை, பிறகு கூடம், அடுப்படி, சாமான் அறை, கடைசியில் மேற்கே ஒரு அறை. கடைசி அறையை மகள் கல்யாணத்தின்போது குளியலறையோடு சேர்த்துக் கட்டினோம். மகள் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள்.

அவளோடு பேசத்தான் இன்டர்நெட் இழுத்தோம். செல்போன் டவர் சிக்னல் எங்கள் வீட்டில் மொட்டை மாடிக்கு ஏறினால்தான் உண்டு. கம்பி வழியாக வருகிற இன்டர்நெட் ஊருக்குள் வந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். அந்த வைஃபை டப்பாவை எங்கே வைக்கட்டும் என்று கேட்டார்கள். சாமி அறையில், சாமி படங்கள் இருக்கிற பலகையில் வைக்கச் சொன்னேன். அங்கே சீரியல் பல்புக்காகப் போட்ட பிளக் இருந்தது. எச்சில் கை படாது, யாரும் தட்டிவிட மாட்டார்கள். கடல் தாண்டி இருக்கிற பிள்ளையின் முகத்தைக் கொண்டுவருகிற பொருள் சாமி பக்கத்தில் இருப்பதுதான் முறை என்றும் பட்டது. பொட்டு வைத்தேன். ஆயுத பூஜைக்கு அதற்கும் ஒரு கதம்பத் துண்டு சுற்றினேன்.

அப்போதெல்லாம் கடைசி அறையில் சிக்னல் கொஞ்சம் மெலிவாக வரும். ஆனாலும் வரும். படம் ஒரு தரம் நின்று, திரும்ப ஓடும். அந்த அறையில் யாரும் இல்லாததால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகுதான் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பேச்சு என்றால் அவள்தான். நான் பேரம் பேசத் தெரியாதவன். மிளகாய் வியாபாரி வந்தால் நான் உள்ளே போய்விடுவேன், அவள் வெளியே வருவாள். வாசலில் நின்றுகொண்டு தெருக்கோடி வரைக்கும் வம்பளப்பாள். ஒரு நாள் காலையில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் விழுந்தாள். ராமநாதபுரத்தில் பார்த்து, உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். உயிர் பிழைத்தது. வலது கையும் காலும் பாதி. பேச்சு முழுசாகப் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் விளங்கும். பதில் மட்டும் வராது. வாயைத் திறப்பாள், கண்ணில் நீர் முட்டும், மூடிக்கொள்வாள்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் நேர்ந்துகொண்டேன். இவளுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடு, வீட்டில் உனக்குப் பித்தளையில் மாடம் செய்து வைக்கிறேன் என்று. குறை வைக்கவில்லை. அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த இரண்டாவது வாரமே ஆசாரியிடம் சொல்லி, தேக்குச் சட்டத்தில் நான்கு பக்கமும் மேலும் கீழும் பித்தளைத் தகடு போர்த்து, முன்னால் இரண்டு கதவு வைத்து, கதவில் மயிலும் வேலும் தட்டி எடுத்து, கோயில் சந்நிதி மாதிரி ஒரு மாடம் செய்து கிழக்குச் சுவரோடு நிறுத்தினேன். படங்கள் உள்ளே போயின. பலகையில் இருந்த டப்பாவும் உள்ளே போனது. வயர் நுழைய ஆசாரி பின்னால் ஓட்டை போட்டுக் கொடுத்தார். காலையில் பூஜைக்குத் திறப்பேன். விளக்குத் தணிந்ததும் கதவைச் சாத்திக் கொண்டி மாட்டுவேன். சாயங்காலம் மறுபடி திறப்பேன். கோயிலில் நடை சாத்துகிற மாதிரி அந்த ஒழுங்கில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மா இருந்தார்கள். நடுவயது, கண்ணாடி போட்டிருப்பார்கள், அதட்ட மாட்டார்கள். வாரத்துக்கு மூன்று தடவை அவ்வளவு தூரம் அவளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று தெரிந்து, வீடியோவிலேயே சொல்லித் தருகிறேன் என்றார்கள். காலை பதினோரு மணி. "ஐயா, முதல் சில மாசம்தான் ரொம்ப முக்கியம். விடாமப் பண்ணணும். அதவிட முக்கியம், அம்மாவுக்கு மனசு விட்டுப் போயிறக் கூடாது" என்றார்கள்.

எங்கே உட்கார வைத்துப் பயிற்சி கொடுப்பது என்பதில்தான் சிக்கல். முதல் நாள் கூடத்தில் உட்கார வைத்தேன். அங்கே சிக்னல் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் நோயாளி இருக்கிற வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள், நேரே வந்துவிடுவார்கள். மூன்று பெண்கள் சுற்றி நின்றார்கள். போனில் அந்த அம்மா 'ப' என்று உதட்டைக் குவித்துக் காட்ட, இவர்களும் சேர்ந்து குவித்தார்கள். ஒருத்தி, "எங்க, ஆடுன்னு சொல்லுத்தா பாப்போம்" என்று குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டாள். ஊருக்கே வாய் கொடுத்தவள் என் மனைவி. தலையைக் குனிந்தவள் அன்றைக்கு முழுவதும் நிமிரவில்லை. அதற்குப் பிறகு கூடத்துக்கு வர மறுத்துவிட்டாள். கடைசி அறை, கதவைச் சாத்திக்கொண்டு, அப்படியானால்தான்.

கடைசி அறையில் படம் உறையும். அந்த அம்மா வாயைத் திறந்தபடி சிலையாக நிற்பார்கள். இவளும் அதைப் பார்த்து வாயைத் திறந்தபடி அடுத்து என்ன என்று காத்திருப்பாள். அரை நிமிஷம், ஒரு நிமிஷம். பிறகு படம் அறுந்து போகும். இவள் மெதுவாக வாயை மூடுவாள். அவள் அந்த வாயை மூடுவதைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நான் செய்யாதது இல்லை. உப்புக்காற்றில் டப்பா அரித்துப் போயிருக்கும் என்று தினம் பூஜைக்கு முன் உலர்ந்த துணியால் துடைத்தேன். உப்பூரில் இருக்கிற என் மைத்துனன், என் மனைவியின் தம்பி, மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். அவன் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தான். பிளக்கில் சொருகினால் தூரத்தில் இருக்கிற சிக்னலை இழுத்துத் தரும் என்றான். கடைசி அறையில் சொருகினோம். சிவப்பு விளக்குத்தான் எரிந்தது.

"என்னடா மாப்ள, இழுக்க மாட்டேங்குதே."

"இழுக்கும் அத்தான். ஆனா இழுக்கிறதுக்கு இங்கன எதாச்சும் வரணும்ல. கெணத்துல தண்ணி இருந்தாத்தான மோட்டாரு எடுக்கும்."

"முன்னாடியெல்லாம் வந்துச்சே இங்கன."

"ஒங்க வீட்டுக்குள்ள என்னமோ ஒண்ணு நடுவுல நிக்குது அத்தான். என்னன்னுதான் தெரியல."

கம்பெனிக்குச் சொன்னேன். தொண்டியிலிருந்து ஒருவர் வந்தார். சாமி மாடத்தில் இருக்கிற பொருளை வெளியாள் வந்து தொடப்போகிறார் என்று, அவர் கை கால் கழுவி வருவதற்குள் நான் கதவைத் திறந்து ஒரு விளக்கும் ஏற்றி வைத்தேன். அவர் கும்பிட்டுவிட்டு டப்பாவைப் பார்த்தார். கையில் போனோடு ஒவ்வொரு அறையாக நடந்து கடைசி அறை வரைக்கும் போனார். "நல்லா வருதே சார். கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்" என்றார். நானும் பார்த்தேன், வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவரை வழியனுப்பிவிட்டு வந்து நான் கதவைச் சாத்தினேன். பதினோரு மணிக்குப் படம் உறைந்தது. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி வந்தார், மறுபடி நான் கதவைத் திறந்து விளக்கேற்றினேன். "நான் வந்தா மட்டும் வேலை செய்யுது சார், எனக்கே வெக்கமா இருக்கு" என்றார். யார் பார்க்க வந்தாலும் நடை திறந்திருந்தது. நடை திறந்திருக்கும்போது எல்லாம் சரியாக இருந்தது. அதை நான் அவர் முகராசி என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். எப்போது கண்டுபிடித்தாள் என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன், ஒரு வாரத்திலேயே. அவள் படுக்கையில் இருந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காலையில் பூஜை மணி கேட்கும்போது போன் மூலையில் அந்த விசிறி அடையாளம் இரண்டு கோடு காட்டும். கொண்டி மாட்டுகிற சத்தம் கேட்டதும் அணைந்து போகும். சாயங்காலமும் அப்படியே. வேறு யாருக்கும் அது தெரிய வாய்ப்பில்லை, ஏனென்றால் மணி அடிக்கும்போது கடைசி அறையில் இருந்தது அவள் மட்டும்தான். ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை, எழுதிக் காட்டவும் வரவில்லை.

அவள் சொல்லப் பார்த்தாள். இடது கையால் போனைக் காட்டுவாள், பிறகு சாமி அறைப் பக்கம் காட்டுவாள். மறுபடி போன், மறுபடி சாமி அறை. நான் விபூதி கொண்டுவந்து பூசினேன். தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். தீர்த்தம் கொண்டுவந்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். தீர்த்தம் சிந்திவிட்டதே என்று எனக்கு வருத்தம். "சாமி மேல கோவப்படாதத்தா, எல்லாம் சரியாகும்" என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. முப்பது வருஷமாக இந்த ஆளோடு எப்படிக் குடித்தனம் நடத்தினேன் என்கிற பார்வை.

ஒரு நாள் பயிற்சி நடுவில் படம் நின்றதும் போனைக் கவிழ்த்துப் படுக்கையில் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த இரண்டு வகுப்புக்கும் எழுந்து உட்காரவில்லை. மதுரையிலிருந்து அந்த அம்மா என்னை மொட்டை மாடிக்குப் போகச் சொல்லிப் பேசினார்கள். "ஐயா, அம்மா இப்படி விட்டுட்டா அப்புறம் திரும்ப ஆரம்பிக்கிறது ரொம்பக் கஷ்டம்" என்றார்கள். மாடியில் நின்று வெகுநேரம் வெறும் கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்ந்ததைச் செய்தாயிற்று, இனி எதைச் செய்ய என்று தெரியவில்லை.

மறுநாள் அமாவாசை. விடிவதற்கு முன்பே பஸ் ஏறிக் கடலில் முழுகி, அய்யாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வீடு திரும்ப மணி பத்தைத் தாண்டிவிட்டது. மைத்துனனும் வந்திருந்தான். வழக்கமாகக் காலை ஆறு மணிக்கு முடிகிற பூஜை அன்றைக்கு அந்த நேரத்தில்தான் ஆரம்பித்தது. மாடத்தைத் திறந்து, விளக்கேற்றி, மணி அடித்து, படையல் போட்டேன். காக்கைக்குச் சோறு வைக்க மாடிக்குப் போனேன். காக்கை வர நேரமானது.

அந்த நேரத்தில் உள்ளே நடந்ததை மைத்துனன் சொல்லித்தான் தெரியும். மணிச் சத்தம் கேட்டதும் அவள் தானாக எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். போனைக் கையில் எடுத்து, அவனிடம் நீட்டி, கூப்பிடு என்று ஜாடை காட்டியிருக்கிறாள். மணி பதினொன்று. அவன் போட்டுக் கொடுத்தான். படம் கண்ணாடி மாதிரி வந்ததாம். அந்த அம்மா கிழமைகளைச் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் பாதி சொல்லி நிறுத்த, மீதியை இவள் முடிக்க வேண்டும். திங்... கள். செவ்... வாய். முதல் தடவையாக 'கள்' வந்தது. 'வாய்' வந்தது. அவன் கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தான்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. காக்கை சோறெடுத்ததும் இறங்கி வந்தேன். கற்பூரம் காட்டினேன். இலையில் வடையும் பாயசமும் இருக்கிறது, பூனை வந்து வாய் வைத்துவிடும் என்று மாடத்துக் கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினேன்.

கடைசி அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

முதலில் அது அவள் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. கரகரவென்று, தொண்டைக்குள்ளிருந்து எதையோ பிய்த்துக்கொண்டு வருகிற மாதிரி. ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. போனில் அந்த அம்மா 'பு' என்று உதட்டைக் குவித்தபடி உறைந்திருந்தார்கள். இவள் என்னைப் பார்த்து, இடது கையால் மெத்தையைக் குத்தி, "தொ" என்றாள். "தொ... தொ..." மூச்சு வாங்கினாள். கையைச் சாமி அறைப் பக்கம் நீட்டினாள்.

"தொற."

நானும் மைத்துனனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவனுக்குத்தான் முதலில் விளங்கியது. "அத்தான், நீங்க இப்ப என்ன பண்ணீங்க அங்கன?"

"நட சாத்தினேன்."

அவன் என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினான். கொண்டி கழற்றுகிற சத்தம் கேட்டது. போனில் அந்த அம்மாவின் உதடு அசைந்தது. இவள் இன்னும் "தொற, தொற" என்றுகொண்டிருந்தாள். "...தன். புதன். அம்மா, கேக்குதா? அம்மா, இப்ப யாரு பேசுனது?" என்றார்கள்.

"நா... ன்" என்றாள் இவள்.

அன்றைக்குப் படையல் சாப்பிட மூன்று மணி ஆனது. மைத்துனன் கதவைச் சாத்துவதும் திறப்பதும், கடைசி அறைக்கு ஓடிப் போனைப் பார்ப்பதுமாக இருந்தான். சாத்தினால் ஒரு கோடுகூட இல்லை. திறந்தால் இரண்டு. தகடு சுற்றிலும் போர்த்த பெட்டிக்குள் டப்பாவை வைத்துப் பூட்டினால் சிக்னல் எதன் வழியாக வெளியே வரும் என்று எனக்குப் பொறுமையாக விளக்கினான். அவளுடைய பேச்சுக்காக நான் நேர்ந்து வைத்த பித்தளையே அவளுடைய பேச்சை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

இருந்தும் டப்பாவை வெளியே எடுக்க எனக்குக் கை வரவில்லை. பொட்டு வைத்துச் சாமியோடு உட்கார வைத்த பொருள். கதவைத் திறந்தே வைத்துவிடலாமா என்று கேட்டேன். என் மனைவி கூரையைப் பார்த்தாள்.

மைத்துனன் கேட்டான்: "அத்தான், நீங்க என்ன நேந்தீங்க?"

"பித்தளையில மாடம்."

"சாமிக்கு அத குடுத்தாச்சுல்ல. டப்பாவ உள்ள வையின்னு சாமி கேட்டுச்சா? அது நீங்களா வச்சது. சாமி பாவம், இத்தன நாளா அந்தச் சூட்ட வேற தாங்கிக்கிட்டு உள்ள இருந்துருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கேலியாகச் சொன்னாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. நேர்த்தி வேறு, என் பழக்கம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது நான். தனியாகப் போய் ஒரு கற்பூரம் ஏற்றி, மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு டப்பாவை எடுத்தேன். உள்ளே நிஜமாகவே சூடாகத்தான் இருந்தது.

வீட்டின் நடுவில், கூடத்துச் சுவரில், இரும்பு பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் எட்டத்தில், தலைக்கு மேல் உயரத்தில் ஆணி அடித்து மாட்டினோம். அன்று சாயங்காலமே கடைசி அறையில் மூன்று கோடு வந்தது. மைத்துனன் வாங்கி வந்த இழுக்கிற பெட்டியும் பச்சை விளக்குக் காட்டியது. அதைக் கடைசி அறையில் வைக்காமல் அடுப்படி வாசலில், பாதி வழியில் சொருகினான். நல்ல சிக்னல் இருக்கிற இடத்தில் நின்றால்தான் அது வாங்கி அடுத்த பக்கம் கொடுக்கும் என்றான். அது முதல் படம் உறையவில்லை. மாடத்தை நான் இப்போதும் இரண்டு வேளையும் திறந்து, இரண்டு வேளையும் சாத்துகிறேன்.

பேச்சு ஒரே நாளில் வந்துவிடவில்லை. எட்டு மாதம் வகுப்பு நடந்தது. முதலில் ஒற்றைச் சொல், பிறகு இரண்டு. கோபம் வந்தால் சீக்கிரம் வரும், அன்பாகப் பேச நேரமாகும். அதை அந்த அம்மாவிடம் சொன்னபோது, "அது நோய் இல்லாதவங்களுக்கும் அப்படித்தான் ஐயா" என்றார்கள். கடைசி வகுப்பில் நேற்று நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். இவள் யோசித்து யோசித்து, "மொளகா... ஏவாரி வந்தான். இவரு... உள்ள போயிட்டாரு. நா... வெளிய வந்தேன்" என்றாள். முழுசாக மூன்று வாக்கியம். எவ்வளவுக்கு விற்றாள் என்று அந்த அம்மா கேட்டதற்கு, "சொல்ல... மாட்டேன்" என்றாள்.

இன்னும் சில சொற்கள் அவளுக்குச் சிக்கும். சிக்கினால் நிறுத்தி, மூச்சு விட்டு, வேறு வழியாகப் போய் அதைப் பிடிப்பாள். மகளோடு தினம் பேசுகிறாள். நான் பக்கத்தில் இருந்தால் குரலைத் தாழ்த்துகிறாள், அதனால் என்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று தெரிகிறது. எனக்கு அது போதும்.

ஊரில் இந்தக் கதை இப்போதே இரண்டு விதமாகத் திரிகிறது. பித்தளை மாடத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஊமை பேசினாள் என்று சிலர் சொல்கிறார்கள். சாமியே சிக்னலை மறித்தது என்று சிலர் சிரிக்கிறார்கள். இரண்டும் நடந்ததல்ல. நடந்தது இதுதான். வீட்டில் படுத்திருக்கிற ஒருவருக்காகக் கடைசி அறையில் சிக்னல் தேடுகிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை அவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்றையும் கூட்ட வேண்டாம், என் முட்டாள்தனத்தை மறைக்கிறேன் என்று ஒன்றையும் குறைக்கவும் வேண்டாம். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒரே ஓர் இடத்தில் நிறுத்தி, அவள் சொன்னபடி திருத்தினேன். இனி யாரும் திருத்த வேண்டியதில்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.